ஆர்.டி. தேர்வு: கையேட்டை இரண்டு முறை படித்தும் மாதிரித் தேர்வில் 58 தான். மூன்றாம் முறை படிக்கட்டுமா?

பிளானோ_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் உணவும் ஊட்டச்சத்தும் பாடத்தில் எம்.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி டெக்சாஸ் வந்தவள் நான். பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பியது, குறைந்த பாடங்களை இங்கே படித்தது, அப்புறம் ஆயிரம் மணி நேர இன்டர்ன்ஷிப் என்று ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது சி.டி.ஆர். (அமெரிக்காவில் உணவியலாளர்களைப் பதிவு செய்யும் ஆணையம்) நடத்தும் பதிவு பெற்ற உணவியலாளர் தேர்வு, அதாவது ஆர்.டி. தேர்வு மட்டும்தான். இது தேறினால்தான் மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

கையில் இருப்பவை: இன்டர்ன்ஷிப்பில் ஒரு சீனியர் கொடுத்த தடிமனான கையேடு, கூடவே அதன் ஆடியோ பதிவு, மாதச் சந்தா கட்டி வைத்திருக்கும் ஒரு கேள்விச் செயலி. கையேட்டை இரண்டு முறை முழுதாகப் படித்துவிட்டேன். முதல் முறை மஞ்சள் கோடு, இரண்டாம் முறை பச்சைக் கோடு. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் போன ஞாயிறு ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன், நூற்றுக்கு 58. பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், அவன் எழுவதற்குள் காலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான் எனக்கு நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கையேட்டை மூன்றாம் முறை படிப்பதா, வேறு கையேடு வாங்குவதா? தேறியவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

---

வெந்தயக்கீரை:

மூன்றாம் முறை படிக்காதே தங்கச்சி. வேறு கையேடும் வாங்காதே. நான் மூன்று முறை படித்துவிட்டுப் போய் 23 வாங்கினேன். உனக்கே தெரியும், 1 முதல் 50 வரையான அளவில் 25 வந்தால்தான் தேர்ச்சி. இரண்டு புள்ளி. மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 45 நாளில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோல்வி அடைந்த மறுநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் கையேட்டைக் கொடுத்தேன். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து தலைப்பை மட்டும் வாசியுங்கள், நான் பார்க்காமல் விளக்குகிறேன் என்றேன். அவருக்கு இந்தத் துறையே தெரியாது. திறந்தார், "ரீஃபீடிங் சின்ட்ரோம்" என்றார். நான் உடனே, "பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் குறையும்" என்றேன். அவர் சாதாரணமாகக் கேட்டார்: "சாப்பாடு கொடுத்தால் ஏன் குறையணும்? கூடத்தானே வேணும்?" எனக்கு வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். காரணம் மூன்று வரியில் இருந்தது, மூன்று வரிக்கும் நான் கோடு போட்டிருந்தேன்.

பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் குளுக்கோஸோடு சேர்த்து இந்தத் தாதுக்களையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருப்பு குறைவு என்பதால் ரத்தத்தில் அளவு சரிந்துவிடும். மாவுச்சத்தை எரிக்கத் தயமினும் (வைட்டமின் பி1) செலவாகும். இது புரிந்தால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் வரும். புரியாமல் மூன்று பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவளுக்கு, "உணவு தொடங்கும் முன் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் நான்கு விடையும் சரி மாதிரியே தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கோடு போட்ட வரியைக் கண் மறுபடி பார்க்கும்போது "ஓ, இது தெரியும்" என்று மனசு சொல்லிவிடுகிறது. பார்த்த முகம் என்பதும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிவதும் வேறு வேறு. உன் 58-க்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உனக்குப் பாடம் தெரியாமல் இல்லை.

அதனால் வரிசையைத் தலைகீழாக மாற்று. காலை ஐந்து மணிக்குக் கையேட்டைத் திறக்காதே. முதலில் 25 கேள்வி போடு, ஒரே பாடத்தில் இல்லாமல் எல்லாவற்றையும் கலந்து. அரை மணி நேரம் ஆகும். மிச்சம் ஒரு மணி நேரமும் தவறான கேள்விகளுக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் அந்த இடத்தைத் தேடிப் படி, மூடு, உன் சொந்த வார்த்தையில் ஒரு நோட்டில் எழுது. கையேடு அகராதி மாதிரி. அகராதியை யாராவது முதல் பக்கத்திலிருந்து படிப்பார்களா?

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைத் தேற வைத்தது அதுதான். 80 பக்க சாதாரண நோட்டு. சரியான விடையை அதில் எழுதவே மாட்டேன். தவறான விடையை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதுவேன். "கேள்வியில் 'முதலில்' என்ற சொல்லைப் பார்க்கவில்லை." "பவுண்டை கிலோவாக மாற்ற மறந்தேன்." "நரம்பில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸுக்குக் கிராமுக்கு 3.4 கலோரி, நான் மாவுச்சத்துப் பழக்கத்தில் 4 போட்டேன்." பத்து நாளில் அறுபது தவறு சேர்ந்தது. எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் பாடம் தெரியாததால் வந்த தவறு இல்லை. நோயாளியை மதிப்பிடும் முன்பே அறிவுரைக்கும் மாத்திரைக்கும் தாவிய தவறு. முதலில் மதிப்பீடு, அப்புறம் ஊட்டச்சத்துப் பிரச்சினையைக் கண்டறிதல், அப்புறம் சிகிச்சை, அப்புறம் கண்காணிப்பு. இந்த வரிசையைப் பாட்டு மாதிரி சொல்வேன், ஆனால் கேள்வியில் பயன்படுத்தியதே இல்லை. அந்த நோட்டு இல்லாமல் இன்னும் பத்து முறை படித்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது, உன் சீனியர் கொடுத்த கையேடு எந்த வருடத்துப் பதிப்பு? இதைத் தயவுசெய்து இன்றைக்கே பார். எனக்குக் கிடைத்ததும் கைமாறி வந்ததுதான். அதில் தேர்வின் நான்கு பகுதிகளுக்கும் 25, 40, 21, 14 விழுக்காடு என்று போட்டிருந்தது. அது 2017-ல் வந்த பாடத்திட்டம். 2022-ல் அது 21, 45, 21, 13 ஆனது: உணவியலின் அடிப்படைகள் 21, தனிநபர் மற்றும் குழுவுக்கான ஊட்டச்சத்துப் பராமரிப்பு 45, நிர்வாகம் 21, உணவுச் சேவை 13. இந்தத் திட்டம் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும். சி.டி.ஆர். தளத்தில் நடப்புப் பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது, அதை அச்செடுத்துக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடு. என் பழைய கையேட்டில் உணவு லேபிளில் வைட்டமின் ஏ, சி கட்டாயம் என்று இருந்தது. 2016-ல் விதி மாறி, அவற்றுக்குப் பதிலாக வைட்டமின் டி, பொட்டாசியம் கட்டாயமானது. சேர்க்கப்பட்ட சர்க்கரைக்குத் தனி வரி வந்தது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தால் ஊட்டக்குறைவு என்று பழைய பக்கங்கள் சொல்லும், இப்போது அதை அழற்சியின் அடையாளமாகத்தான் பார்க்கிறோம். பழைய கையேட்டை ஆழமாகப் படித்தவருக்கு இந்த இடங்களில் தவறு இன்னும் உறுதியாகப் பதிந்திருக்கும்.

இன்னொன்று, ஊரில் படித்த நமக்கே உரியது. நிர்வாகம், உணவுச் சேவை இரண்டையும் கூட்டிப் பார், 34. மூன்றில் ஒரு பங்கு! நாம் அதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குகிறோம். உயிர்வேதியியலில் கிரெப்ஸ் சுழற்சி தலைகீழாகத் தெரியும் நமக்கு. ஆனால் எட்டாம் எண் ஸ்கூப் என்றால் என்ன அளவு என்று கேட்டால் முழிப்போம். நான் இன்டர்ன்ஷிப் செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் பரிமாறும் வரிசை ஓரத்தில் ஸ்கூப்கள் தொங்கும், கைப்பிடிக்கு ஒரு நிறம். சாம்பல் நிறம் 8, பச்சை 12, நீலம் 16. ஆறு வாரம் தினமும் அதைப் பார்த்தேன், எண்ணைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஒரு குவார்ட்டை எத்தனை தடவையில் காலி செய்யலாம் என்பதுதான் அந்த எண். குவார்ட்டுக்கு 32 அவுன்ஸ், எட்டால் வகுத்தால் 4 அவுன்ஸ், அதாவது அரை கப். பதினாறு என்றால் கால் கப். எண் பெரிதானால் அளவு சிறிது. அவ்வளவுதான் விஷயம்.

எண்களும் அப்படித்தான். ஊரில் சென்டிமீட்டர் உயரத்தில் நூறைக் கழித்து, இருக்க வேண்டிய எடையைக் கிலோவில் சொன்னோம். இங்கே பெண்ணுக்கு ஐந்து அடிக்கு 100 பவுண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 5. ஆணுக்கு 106, அப்புறம் 6. எக்ஸ்சேஞ்ச் என்ற உணவு மாற்றுப் பட்டியலில் சோறு ஒரு பரிமாறல் என்றால் மூன்றில் ஒரு கப், 15 கிராம் மாவுச்சத்து. முதல் முறை பார்த்தபோது இவ்வளவுதானா ஒரு பரிமாறல் என்று நம்ப முடியவில்லை. இதையெல்லாம் ஒரே ஒரு தாளில் எழுதி, தினமும் கேள்வி தொடங்கும் முன் பார்க்காமல் வெற்றுத்தாளில் எழுதிப் பார். தேர்வு மையத்தில் அழித்து எழுதும் பலகை தருவார்கள், அதில் எழுதப் பழகின கையாக இருக்கட்டும்.

கடைசியாக, மாதிரித் தேர்வில் பின்னால் போய் விடையை மாற்றாதே. உண்மைத் தேர்வில் அது முடியாது, கேள்வியைத் தாண்டவும் முடியாது. 125 கேள்வி கட்டாயம், கணினிக்கு உன் தரம் உறுதியாகத் தெரியும் வரை 145 வரைக்கும் போகலாம். எனக்கு இரண்டாம் முறை 125-ல் திரை நின்றுவிட்டது. கை நடுங்கியது, 28 என்று தாளில் பார்த்த பிறகுதான் நின்றது. சிலர் 145 வரை போயும் தேறியிருக்கிறார்கள், அதனால் நீண்டால் பயப்படாதே.

---

கிச்சன்_மேனேஜர்:

கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையின் உணவுச் சேவைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வெந்தயக்கீரை சொன்னதில் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் இல்லை. நிர்வாகப் பகுதியில் நேராகக் கேள்விக்குப் போகாதீர்கள். மருத்துவ ஊட்டச்சத்தில் உங்களுக்கு ஏற்கெனவே அஸ்திவாரம் இருக்கிறது, அங்கே கேள்வியிலிருந்து தொடங்கலாம். நிர்வாகத்தில் அஸ்திவாரமே இல்லையென்றால் கேள்வி எதையும் கற்றுத் தராது, பயத்தைத்தான் தரும். அந்த அத்தியாயங்களை மட்டும் ஒரு வாரம் நிதானமாகப் படியுங்கள், அப்புறம் கேள்விக்குப் போங்கள்.

நம்மவர்களை நான் இன்டர்ன்களாகப் பார்க்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. "சமையல்காரர் மூன்றாவது முறையாகத் தாமதமாக வந்தார், முன்பு வாய்மொழியாக எச்சரித்திருக்கிறீர்கள், இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "அவர் வீட்டில் என்ன கஷ்டமோ, கூப்பிட்டுப் பேசுவேன்" என்கிறார்கள். மனுஷத்தன்மை உள்ள பதில், நிஜ வாழ்க்கையில் நானும் பேசுவேன். ஆனால் தேர்வு கேட்பது படிநிலையை: வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை, இடைநீக்கம், பணிநீக்கம். முன்பு என்ன நடந்தது என்று கேள்வியிலேயே இருக்கும், அதற்கு அடுத்த படிதான் விடை.

வெப்பநிலைகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். முழு இறைச்சித் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், 145 டிகிரி பாரன்ஹீட் போதும். அரைத்தால் மேற்பரப்பு உள்ளே கலந்துவிடும், அதனால் 155. கோழிக்கு 165. ஆற வைப்பதில் 135-லிருந்து 70-க்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து 41-க்கு இன்னும் நான்கு மணி நேரம். முதல் கட்டத்துக்கு ஏன் நேரம் குறைவு? அந்த வெப்பத்தில்தான் கிருமி வேகமாகப் பெருகும். ஒரு பெரிய பானைச் சாம்பாரை மூடி அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் ராத்திரி முழுக்கச் சூடாக இருக்கும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

---

நெய்தோசை:

நான் போன வருடம் தேறினேன். மற்றவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லவில்லை, ஒன்றே ஒன்று மட்டும். தினமும் ராத்திரி மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, அன்றைக்குப் படித்த ஒரு விஷயத்தைத் தமிழில் சொல்லுவேன். அம்மா பத்தாம் வகுப்பு. ஒரு நாள் வார்ஃபரினும் வைட்டமின் கே-யும் சொன்னேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கீரையில் உறைய வைக்கும் சத்து என்றதும் அம்மா, "அப்போ உங்க பெரியப்பா கீரையே சாப்பிடக் கூடாதா? அவரு அந்த மாத்திரைதான் சாப்பிடறாரு" என்றார். அங்கேதான் எனக்கே விளங்கியது. நிறுத்தச் சொல்லக் கூடாது. மருந்தின் அளவை டாக்டர் அவர் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்குத்தான் பொருத்தி வைத்திருக்கிறார். வாரத்துக்கு எவ்வளவு கீரை சாப்பிடுகிறாரோ அதே அளவு மாறாமல் இருக்க வேண்டும். திடீரென்று விட்டாலும் தப்பு, கூட்டினாலும் தப்பு. தேர்வில் இது வேறு மாதிரி வந்தது, யோசிக்கவே இல்லை, பெரியப்பா ஞாபகம் வந்தார்.

உங்கள் ஆடியோ பதிவைக் காரில் கேளுங்கள், ஆனால் அதைப் படித்த நேரமாகக் கணக்கில் வைக்காதீர்கள். செயலியில் வரும் மதிப்பெண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். அதே கேள்வி மூன்றாம் முறை வரும்போது 85 வரும், அது விடை ஞாபகம் இருப்பதால் வருவது. தேர்வுக்கு முந்தின வாரத்துக்கென்று தொடாத கேள்வித் தொகுப்பு ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

---

பிளானோ_கோவை:

அக்கா, அண்ணா, நெய்தோசை, மூவருக்கும் ரொம்ப நன்றி. கையேட்டைப் பார்த்தேன், 25, 40, 21, 14 தான் போட்டிருக்கிறது! நடப்புப் பாடத்திட்டத்தை அச்செடுத்து ஒட்டிவிட்டேன். மூன்று நாளாகக் காலையில் 25 கேள்வி. நோட்டில் இதுவரை 31 தவறு. அதில் ஒன்பது, "முதலில்" என்ற சொல்லைக் கவனிக்காதது. நிர்வாக அத்தியாயத்தை அண்ணா சொன்னபடி தனியாகப் படிக்கிறேன்.

அதில் ஒன்று மட்டும் புரியவே மாட்டேன் என்கிறது. வாங்கும் எடை, பரிமாறும் எடை. எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது? நான்கு கேள்வியில் நான்கும் தவறு.

---

வெந்தயக்கீரை:

முருங்கைக்கீரையை நினைத்துக்கொள். கட்டாக வாங்குகிறாய், உருவினால் காம்பெல்லாம் போய்க் கொஞ்சம்தான் மிஞ்சும். இப்படிக் குறையும் பொருளில் வாங்குவது எப்போதும் பெரிது, பரிமாறுவது எப்போதும் சிறிது. விடை போட்டதும் முதலில் இதைப் பார்.

ஒரு கணக்கு. 120 பேருக்கு ஆளுக்கு 4 அவுன்ஸ் சமைத்த இறைச்சி வேண்டும், வாங்கியதில் தட்டுக்குத் தேறும் அளவு 75 விழுக்காடு. 120-ஐ நாலால் பெருக்கினால் 480 அவுன்ஸ், பதினாறால் வகுத்தால் 30 பவுண்டு. இது தட்டுக்கு வர வேண்டியது. வாங்க வேண்டியது இதைவிடக் கூடத்தானே இருக்கும்? 30-ஐ 0.75 ஆல் வகு, 40 பவுண்டு. விடைகளில் 22.5 என்று ஒன்று கட்டாயம் இருக்கும், பெருக்கினவர்களுக்காக வைத்தது. தட்டுக்கு 30 பவுண்டு வேண்டிய இடத்தில் 22.5 வாங்கினால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு இறைச்சி இருக்காது.

திருப்பிக் கேட்டால், அதாவது 40 பவுண்டு வாங்கினோம், எவ்வளவு பரிமாறலாம் என்றால் மட்டும் பெருக்கு. நாளைக் காலை இதே மாதிரி ஐந்து கணக்கு நீயே எண்களை மாற்றி எழுதிப் போட்டுப் பார், வரவில்லையென்றால் இங்கேயே எழுது. நான் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன்.